கோணமலையின் அடிவாரத்தில் ஒரு காலை

திருகோணமலைக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று நான் கணக்கு வைத்ததில்லை. பாடசாலைச் சிறுவனாகப் பெற்றோருடன் போன பயணம் நினைவில் இருக்கிறது. பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னர் செய்திக்காகப் போன பயணங்கள் பல. ஒவ்வொரு தடவையும் செய்தது ஒன்றுதான். கோட்டை வாசலைத் தாண்டி, மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும் நிழல் வழியில் ஏறி, கோணேசரைத் தரிசித்துவிட்டு, இராவணன் வெட்டின் விளிம்பில் நின்று கீழே தெரியும் நீலக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. அங்கே போகிற எல்லோரும் செய்வதும் அதுதான்.

மேலே நின்று கீழே பார்த்தவன், கீழே நின்று மேலே பார்க்க வேண்டும் என்று ஏனோ ஒருபோதும் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் நடந்திருக்காது. யுத்த காலத்தில் அந்தக் கடல் கடற்படையின் காவலில் இருந்தது. கோட்டைக்குள் புகைப்படக் கருவியைக் கொண்டுபோவதற்கே விளக்கம் சொல்ல வேண்டியிருந்த நாட்கள் அவை. மலையின் அடியில் படகு விடுவது பற்றி எவரும் கதைக்கக்கூட இல்லை.

யுத்தம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர், ஓர் ஆவணி மாதத்துக் காலையில் அந்த வாய்ப்புக் கிடைத்தது. கிழக்குக் கரையில் சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் அந்தப் பாறைகளின் பக்கம் ஒரு படகும் நெருங்காது. தெரிந்த நண்பர் ஒருவர் மூலம் அறிமுகமான கடற்றொழிலாளி ஒருவர், தன்னுடைய பைபர் படகில் என்னைக் கூட்டிச் செல்லச் சம்மதித்தார். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். அந்தக் கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"மலைக்குக் கீழ என்ன ஐயா இருக்கு? கல்லும் பாசியும்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

"அந்தக் கல்லைத்தான் தம்பி பார்க்க வேண்டும்" என்றேன்.

கடலிலிருந்து பார்க்கும்போது

ஒல்லாந்தர் குடாவிலிருந்து படகு புறப்பட்டது. இடது புறத்தில் கோட்டையின் மதில் தெரிந்தது. திருமலை நகரத்தையும் கோணமலையையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்தின் குறுக்கே, ஒரு குடாவிலிருந்து மறு குடா வரை அந்த மதில் நீள்கிறது. மற்ற மூன்று பக்கமும் கடல். கோட்டை கட்ட இதைவிட வாய்ப்பான இடம் அமையாது என்பது கடலிலிருந்து பார்க்கும்போதுதான் தெளிவாக விளங்குகிறது. கழுத்தைப் போன்ற ஒரு துண்டு நிலத்தை அடைத்துவிட்டால், தலை முழுவதும் கைவசமாகிவிடும்.

மதில் முடியும் இடத்திலிருந்து பாறை உயரத் தொடங்குகிறது. மரங்களும் புதர்களும் குறைந்து, செங்குத்தான கருங்கல் முகம் வெளிப்படுகிறது. படகை மெதுவாக்கி, அலையின் போக்கைக் கவனித்து, இரண்டு பாறைகளுக்கு இடையிலான ஓர் இடுக்கில் தம்பி அதைச் செருகினார். கரை என்று சொல்வதற்கு அங்கே மணல் அதிகமில்லை. ஒரு வள்ளத்தின் நீள அகலத்துக்குச் சிப்பித் துண்டுகளும் உருண்டைக் கற்களும் கலந்த ஒரு திட்டு. அதைச் சுற்றிலும் வீட்டளவு பாறைகள். கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் மட்டுமே கால் வைக்கக்கூடிய இடம்.

"மெல்லக் கால் வையுங்க ஐயா. வழுக்கும்."

நிமிர்ந்து பார்த்தேன். கழுத்து வலிக்கும் உயரத்தில் கோயிலின் ஓரம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. காண்டாமணியின் ஓசை காற்றில் கரைந்து வந்தது. மேலே நிற்பவர்களுக்கு நாங்கள் தெரிந்திருக்க மாட்டோம். அந்தக் கரையில் எங்களைத் தவிர எவரும் இல்லை. நகரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இப்படியொரு தனிமை.

அங்கேதான் அந்தக் கல்லைக் கண்டேன். பாதி நீரிலும் பாதி வெளியிலுமாக, பாசி படர்ந்து கிடந்தது. சுற்றியிருந்த பாறைகள் இயற்கையாக உருண்டும் பிளந்தும் இருக்க, இந்தக் கல் மட்டும் நேர்க்கோட்டில் விளிம்பு பெற்றிருந்தது. கையால் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் உளி பட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன. மனிதன் கொத்திய கல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது கோயிலின் கல்லா, கோட்டையின் கல்லா?

முதலில் இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் பட்டது. சிறிது நேரம் அதன் அருகில் உட்கார்ந்திருந்தபோது, இந்த இடத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குப் பெரிய அர்த்தமில்லை என்று தோன்றியது. ஏனென்றால், அந்தக் கோட்டையே கோயிலின் கற்களால் எழுந்தது.

கோயில் கோட்டையான கதை

கோணேசர் ஆலயத்தின் தொன்மையை விரித்துரைக்க இங்கே இடமில்லை. சில அடையாளங்களை மட்டும் குறிப்பிடுகிறேன். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தின் மீது பதிகம் பாடியிருக்கிறார். அவர் கடலைக் கடந்து இங்கே வரவில்லை, இராமேஸ்வரத்தில் நின்றே பாடினார் என்பது மரபு. ஈழத்தின் பாடல் பெற்ற தலங்கள் இரண்டில் இது ஒன்று. மற்றையது மன்னாரின் திருக்கேதீஸ்வரம்.

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சான்று கோட்டைக்குள்ளேயே கிடைத்தது. வாயில் நிலையாக அமைந்த கல் ஒன்றில், கிரந்த எழுத்தில், சமஸ்கிருத மொழியில் பொறிக்கப்பட்ட சாசனம் அது. சக வருடம் 1145இல், அதாவது கி.பி. 1223இல், சோடகங்கன் என்னும் பிரபு இலங்கைக்கு வந்ததைக் கோகர்ணம் என்ற இடப்பெயருடன் அது குறிப்பிடுகிறது. கலிங்க மாகன் பொலன்னறுவையிலிருந்து ஆட்சி செய்த காலம் அது. கோணேசர் ஆலயத் திருப்பணியோடு மரபு இணைத்துப் பேசும் குளக்கோட்டன் இந்தச் சோடகங்கனாக இருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் சடாவர்மன் வீரபாண்டியன் ஈழத்தின் மீது படையெடுத்து, திருகோணமலையில் தன் இணைக்கயல் இலச்சினையைப் பொறித்தான் என்பதைத் தமிழ்நாட்டின் குடுமியான்மலைச் சாசனம் சொல்கிறது.

போர்த்துக்கேயர் வந்தபோது இங்கே இருந்தது ஒரு கோயில் அல்ல. மலையின் உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, அடிவாரத்தை அண்டி ஒன்று என மூன்று கோயில்கள் இருந்ததாக அவர்களுடைய எழுத்துகளே கூறுகின்றன. 17ஆம் நூற்றாண்டில் இலங்கை பற்றி விரிவாக எழுதிய பாதிரியார் பெர்னாவோ டி குவேறோஸ், இது கீழைத்தேய யாத்திரிகர்கள் பெருந்தொகையாகக் கூடும் தலம் என்று பதிவுசெய்திருக்கிறார். அழித்தவர்களின் தரப்பிலிருந்து வந்த சாட்சியம் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். தாம் அழித்ததைச் சிறியது என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை.

அழிவை நடத்தியவர் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா டி நொரோஞ்ஞா. 1622ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில், சுவாமி நகருக்குள் திருவுலா சென்றிருந்த வேளையில், படையினர் அர்ச்சகர் வேடத்தில் நுழைந்து கோயிலைச் சூறையாடினர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1624 எனக் கொள்வாரும் உளர். ஆண்டில் வேறுபாடு இருக்கலாம். முடிவில் வேறுபாடில்லை. கோயில்கள் இடிக்கப்பட்டன. தூண்களும் சுவர்க்கற்களும் கோட்டைக்குப் போயின. வேண்டாதவை மலையிலிருந்து கடலுக்குள் உருட்டப்பட்டன.

அதற்குப் பிறகு கோட்டைக்குத்தான் வரலாறு. 1639இல் ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுடன் சேர்ந்து போர்த்துக்கேயரை விரட்டினர். 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து இந்தத் துறைமுகத்தில் காலூன்ற முயன்று தோற்றது. 1782ஆம் ஆண்டின் தை மாதத்தில் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தனர். அதே ஆண்டு ஆவணியில் பிரெஞ்சுக் கடற்தளபதி சப்ரன் அவர்களிடமிருந்து அதைப் பறித்தார். ஒரே வருடத்தில் மூன்று கொடிகள். சமாதான உடன்படிக்கைக்குப் பின் கோட்டை மீண்டும் ஒல்லாந்தரிடம் வந்து, 1795இல் நிலையாகப் பிரித்தானியர் வசமானது. 1803இல் அவர்கள் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மகனான யோர்க் கோமகனின் பெயரை இதற்குச் சூட்டினர். அன்று முதல் இது பிரெட்ரிக் கோட்டை. அந்த இளவரசர் தன் பெயர் தாங்கிய இந்தக் கோட்டையைக் கண்ணால் கண்டதில்லை.

இத்தனை கைகள் மாறியதற்குக் காரணம் கோட்டையின் அழகல்ல, அதன் பின்னால் இருக்கும் துறைமுகம். எந்தக் காற்றுக் காலத்திலும் பெரிய கப்பற்படையொன்று பாதுகாப்பாக ஒதுங்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் அது. பாய்க்கப்பல் காலத்தில், வாடை வீசும் மாதங்களில், வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் அப்படியொரு புகலிடம் வேறு இருக்கவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசியதற்கும் அந்தத் துறைமுகமே காரணம். கோணேசர் கோயில் அழிந்தது மதவெறியால் மட்டுமல்ல. மலையின் மேல் பீரங்கி வைக்க இடம் வேண்டியிருந்தது, கற்கள் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைத்தன. பக்தர்கள் இதைக் கேட்க விரும்பமாட்டார்கள். ஆனால் வரலாறு எப்போதும் ஒற்றைக் காரணத்தோடு நின்றுவிடுவதில்லை.

வாசலில் நிற்கும் சாசனம்

கோட்டை வாசலின் கற்றூணில் இரண்டு மீன்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அருகில் தமிழ் எழுத்துகளில் சிதைந்த ஒரு சாசனம் இருக்கிறது. வரிகளின் தொடக்கமும் முடிவும் அழிந்து, நடுப்பகுதிகளே மிஞ்சியுள்ளன. மரபில் வழங்கும் ஒரு வெண்பாவைக் கொண்டு அதை நிரப்பிப் படிப்பது வழக்கம். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பிற்காலத்தில் பறங்கியர் அழிப்பார்கள் என்றும், அவர்களுக்குப் பின் வேறு வேறு கண்ணுடைய இனத்தவர் ஒருவர் பின் ஒருவராக ஆள்வார்கள் என்றும் அது சொல்வதாகப் பொருள்.

என் இளமையில் இதை ஒரு தெய்வ வாக்காகவே கேட்டு வளர்ந்தேன். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தபோது ஒரு சிறிய உறுத்தல் ஏற்பட்டது. பறங்கி என்ற சொல், ஐரோப்பியரைக் குறிக்க அரபு, பாரசீக மொழிகளில் வழங்கிய சொல்லிலிருந்து நம்மிடம் வந்தது. குளக்கோட்டன் காலத்தில் இந்தத் தீவில் அச்சொல்லுக்கு வேலையில்லை. ஆகவே சாசனம் குளக்கோட்டன் காலத்தது அல்ல. அதே வேளையில், கோயிலை இடித்த போர்த்துக்கேயரே இத்தகைய ஒரு தீர்க்கதரிசனச் சாசனம் அங்கே இருந்ததைக் குறிப்பிட்டு, அதன் படியொன்றைத் தம் நாட்டுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே அது பின்னால் இட்டுக்கட்டப்பட்டதும் அல்ல.

அப்படியானால் அது என்ன? அடிவாரத்துப் பாறையில் உட்கார்ந்து யோசித்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். 1560இலும் 1591இலும் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தின் மீது படையெடுத்தார்கள். 1619இல் அதை முழுதாக விழுங்கினார்கள். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். அடுத்த முறை தங்களுக்குத்தான் என்பது கோணமலையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர் ஒருவர், கண்முன்னே வரப்போவதைக் கல்லில் எழுதி வைத்தார். இது சோதிடமல்ல. எங்கள் தொழிலின் மொழியில் சொன்னால், இது ஓர் அரசியல் ஆய்வுக் குறிப்பு. தடுக்க முடியாதென்று தெரிந்த பின்னரும், நடந்தது இன்னதென்று பின்வருபவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. அப்படிப் பார்த்தால் அந்தச் சாசனத்தின் மதிப்பு எனக்குக் குறையவில்லை, கூடுகிறது.

அந்தக் கல்லைக் கோட்டை கட்டியவர்கள் வாசலிலேயே பதித்துவிட்டார்கள். தங்களைப் பற்றிய குற்றச்சாட்டைத் தங்கள் வாசலிலேயே பதித்துக்கொண்டவர்கள் உலகில் வேறு எவரும் இருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

மண்ணும் கடலும் திருப்பித் தந்தவை

கோயில் இல்லாமற்போன பின்னரும் வழிபாடு நிற்கவில்லை. திருவுருவங்களைக் காப்பாற்றிக் கொண்டுசென்றவர்கள் தம்பலகாமத்தில் ஆதி கோணநாயகரை நிலைநிறுத்தினார்கள். பிரித்தானியர் காலத்தில் இங்கே வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அந்திப் பொழுதில் அர்ச்சகர் ஒருவர் மலையின் விளிம்புக்கு வந்து, கோயில் இல்லாத அந்த வெறும் பாறையில் நின்று, கீழே கடலுக்குப் பூவும் பழமும் இட்டு வழிபடுவார். கோயிலை இழந்தவர்கள் கோயில் விழுந்த கடலையே கும்பிட்டார்கள். நான் அமர்ந்திருந்த இடத்தில்தான் அந்தப் பூக்கள் வந்து விழுந்திருக்கும்.

1950இல் நகரசபையினர் கிணறொன்று வெட்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் உள்ளிட்ட வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன், படை வரும் செய்தி கேட்டு எவரோ அவசரமாகப் புதைத்துவிட்டுப் போனவை. புதைத்தவர் திரும்பி வரவில்லை. அவர் பெயரும் எங்கும் இல்லை.

1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் இந்த மலையடிக் கடலில் மூழ்கி, செதுக்கிய கற்களும் தூண்களும் சிதறிக் கிடப்பதைக் கண்டார்கள். கிளார்க் 1957இல் வெளியிட்ட 'த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' என்ற நூலில் இது இடம்பெற்றது. நீருக்குள் கோயிலைத் தேடிய மைக் வில்சன் பிற்காலத்தில் சுவாமி சிவகல்கி என்ற பெயரோடு சந்நியாசியானார். 1963இல் மலையுச்சியில் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இன்று நாம் தரிசிப்பது அந்தக் கோயிலைத்தான்.

"சுழியோடப் போறவங்க இப்பவும் தூணைக் கண்டம், சட்டியைக் கண்டம் எண்டு சொல்லுவாங்க ஐயா" என்றார் தம்பி. "எங்கட அப்பா காலத்தில வலை இதில சிக்கினா, அறுத்துப் போட்டு வந்திடுவாங்களாம். இழுக்க மாட்டாங்களாம். சாமிட கல்லு."

நம்பிக்கையும் சாட்சியமும்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த மலையைப் பற்றி ஒரு தரப்பு மட்டும் உரிமை பேசவில்லை. மகாசேன மன்னன் கோகர்ணத்தில் இருந்த தேவாலயத்தை அழித்து அங்கே விகாரை கட்டினான் என்று மகாவம்சத்தின் 37ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்தச் செய்தியின் முற்பாதியை நாங்கள் மேற்கோள் காட்டுவோம், பிற்பாதியைச் சிங்கள நண்பர்கள் மேற்கோள் காட்டுவார்கள். செய்தி ஒன்றுதான். இன்று கோட்டைக்குள் கோகர்ண விகாரை என்ற பெயரில் பௌத்த ஆலயமும் இருக்கிறது. கோட்டையில் இராணுவமும் இருக்கிறது. இவ்வளவு நெருக்கமான இடத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் வழக்காட ஆளிருக்கும்.

எனவேதான் நம்பிக்கையையும் சாட்சியத்தையும் பிரித்துப் பேச வேண்டியிருக்கிறது. இராவணன் தன் வாளால் மலையைப் பிளந்தான் என்பது நம்பிக்கை. அது இருக்கட்டும். அது எங்களுக்கு அழகு. 1223இன் சாசனம் சாட்சியம். மலையுச்சியில் நிற்கும் கற்றூண் விடயத்திலும் இதே கதைதான். அதில் பிரான்சினா வான் றீட என்ற ஒல்லாந்தப் பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. காதலனின் கப்பல் போவதைப் பார்த்து அவள் இங்கிருந்து குதித்தாள் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள். ஒல்லாந்தப் பதிவேடுகளோ அந்தப் பெயருடைய பெண் அதற்குப் பின்னும் வாழ்ந்ததாகக் காட்டுகின்றன. கதை இனிமையானது என்பதற்காக அது சாட்சியமாகிவிடாது. மற்றவர்களின் கதைக்கு நாம் வைக்கும் இந்த அளவுகோலை நம்முடைய கதைகளுக்கும் வைத்தால்தான், நம்மிடம் உள்ள உண்மையான சான்றுகளுக்கு மரியாதை கிடைக்கும்.

சாட்சியம் என்ற சொல்லை எழுதும்போது எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. படகு புறப்பட்ட அதே கடற்கரையில், காந்தி சிலைக்கு அண்மையில், 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி' பத்திரிகையின் திருமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன், பிரேத அறையில் எடுத்த படங்கள் வெளியானபோது, உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதை உலகம் கண்டது. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் 13 பேர், போதிய சாட்சியம் இல்லையென்று 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். சுகிர்தராஜனைக் கொன்றதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

கோயில் இடிப்பையும் இதையும் ஒன்றாக்கிப் பேசுவது என் நோக்கமல்ல. இடையில் கிட்டத்தட்ட நானூறு ஆண்டுகள். ஆனால் ஒன்றில் ஒற்றுமை உண்டு. வாசற் கல்லில் எழுதியவரும், விக்கிரகங்களைப் புதைத்தவரும், படம் எடுத்தவரும் செய்த வேலை ஒன்றுதான். அழிவை அவர்களால் தடுக்க முடியவில்லை. அழிவே நடக்கவில்லை என்று பின்னொருவர் சொல்வதைத் தடுத்திருக்கிறார்கள். முதல் இருவரின் பெயர் நமக்குத் தெரியாது. மூன்றாமவரின் பெயரையாவது மறக்காமல் இருக்கலாம்.

திரும்பும் வழியில்

பத்து மணியளவில் அலை சற்றுக் கிளம்பியது. "இனி நிக்க ஏலாது ஐயா" என்றார் தம்பி. எழுந்தபோது அந்தக் கொத்திய கல்லை இன்னொரு தடவை பார்த்தேன். அதன் அருகே கிடந்த ஒரு சிறு துண்டைக் கையில் எடுத்தேன். ஒரு பக்கம் மட்டமாக இருந்தது. சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். பிள்ளைகளுக்குக் காட்டலாம், எழுதுமேசையில் வைக்கலாம் என்று ஒரு சபலம்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வலையை அறுத்துவிட்டு வந்த தகப்பனின் மகன் அவர். துண்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் படகில் ஏறினேன். சான்று இருக்கும் இடத்தில் இருக்கும்போதுதான் சான்று. மேசைக்கு வந்துவிட்டால் அது வெறும் கல்.

கரைக்கு வந்த பிறகு வழக்கம்போலக் கோட்டை வாசலுக்கும் போனேன். தென்னிலங்கையிலிருந்து வந்த உல்லாசப் பயணிகளும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பக்தர்களும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த எங்களவர்களும் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வாசலின் நிழலில் நின்று அரை மணி நேரம் பார்த்தேன். அவ்வளவு பேரில் ஒரே ஒருவர்தான் அந்த மீன்களின் முன்னால் நின்றார். பத்து வயதுச் சிறுமி. "அம்மா, இஞ்ச மீன்" என்று தாயைக் கூப்பிட்டாள். தாய்க்கு அவசரம். பூசைக்கு நேரமாகிவிட்டது.

திருமலைக்குப் போகும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கோணேசரிடம் போகும் வழியில் கோட்டை வாசலில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். இணை மீன்களையும் அருகில் உள்ள எழுத்துகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எழுதியவர் நம்மை எதிர்பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.